கிழக்கிலிருந்து மேற்கே ஓடிய பெண்ணையாறு

அங்கீகாரம் பெற்ற வரைபடத்தில் ஒரே ஒரு கோட்டை மாற்றுவதானாலும், அதை வரைந்தவர் மறுபடியும் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்து, பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கட்டட வேலைகளுக்கான விதிப் புத்தகத்தில் இது தெளிவாகவே இருந்தது. விதியின் எண்ணும் உட்பிரிவும் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். இங்கே எழுதாமல் விடுகிறேன். எழுதினால் எந்த ஆபீஸ் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பென்ஷன் வாங்குகிறவனுக்கு அவ்வளவு வீரம் ஆகாது.

அந்த விதிக்கு உட்பட்டிருக்க வேண்டிய கட்டடம் பெண்ணையாற்றின் தென்கரையில் இருக்கிறது. ஆற்றங்கரையில் படித்துறை, அதற்கு மேலே ஒரு மண்டபம். ஆடி பதினெட்டுக்குச் சுற்றுவட்டாரமே அங்கே குளிக்க வரும். குளிப்பதற்கு நல்ல படிகள், பெண்கள் துணி மாற்ற அறை, காலட்சேபமும் கூத்தும் நடத்த மேடை, பத்திரிகை படிக்க ஒரு மூலை, எல்லாம் சேர்ந்த ஒரே கட்டடம் வேண்டும் என்று ஊரில் கமிட்டி வைத்து விண்ணப்பம் போட்டிருந்தார்கள். முப்பத்தொன்பதாம் வருஷம். நான் ஓவர்சியராகச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதுவரை மதகும் வாய்க்கால் பாலமும் வரைந்துகொண்டிருந்தவனுக்கு முதல்முறையாக மனிதர்கள் நின்று பேசப்போகிற ஒரு கட்டடம் கிடைத்தது. சந்தோஷத்தில் விதிப்படி கோடையில் ஒரு தடவையும், புதுத்தண்ணீர் வந்த பிறகு ஒரு தடவையும் போய் ஆற்றை அளந்தேன்.

அந்த இடத்தில் ஆறு மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. கரையின் மேற்குப் பக்கத்தில் தண்ணீருக்கு அடியில் தட்டையான பாறை. முழங்கால் ஆழத்தில் தொடங்கி இடுப்பளவில் முடியும். கிழக்குப் பக்கம் கரை அப்படியே ஓர் ஆழமான மடுவில் இறங்கிவிடும். காலங்காலமாகப் பெண்கள் பாறைமேல் குளித்தார்கள், ஆண்கள் மடுவில் குதித்தார்கள். ஒருவரும் எழுதிவைக்காத ஏற்பாடு. அதனாலேயே தவறில்லாமல் நடந்துவந்தது.

நான் மூங்கில் கழியோடு பாறைமேல் தடுமாறிக்கொண்டிருந்தபோது, துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் சிரித்தாள். ஊர்த்துணி வெளுக்கிறவள். நாற்பது வயதிருக்கும். ஊரில் எல்லோரும் அவளைத் துறைக்காரி என்றே கூப்பிட்டார்கள்.

"ஏனுங்க சாமி, குச்சிய வுட்டு என்னாத்தத் தேடறீங்க?"

"ஆழம் பாக்கறேன்."

"என்னையக் கேட்டா சொல்ல மாட்டனுங்களா? இங்க முழங்காலு. இங்க தொடை. இங்க இடுப்பு. இதோ எங்காலு வெரலு இருக்குதில்ல, இத்தோட பாறை முடியுது."

"அதுக்கு அந்தப் பக்கம்?"

"அக்கட்டால போனவங்க யாரும் திரும்பி வந்து எனக்குச் சொல்லலீங்க."

அவள் சொன்ன இடத்தில் எல்லாம் மூங்கிலை வைத்துப் பார்த்தேன். ஒரு இடத்திலும் தப்பில்லை. ஆனால் புத்தகத்தில் மூங்கில் சொன்னதாகத்தான் எழுதினேன். ஆபீசில் அதுதான் செல்லும்.

துறைக்காரி என்ற பெயர் எப்படி வந்தது என்பதை அந்த ஆடி பதினெட்டு அன்று பார்த்தேன். விடிந்ததிலிருந்து உச்சிவேளை வரை அவள் பாறையின் விளிம்பில், இடுப்பளவுத் தண்ணீரில், அசையாமல் நின்றாள். கையில் பழைய சேலைகளை முறுக்கிச் செய்த வடம். அதன் மறுமுனை கரையிலிருந்த புங்கமரத்தில். எந்தப் பெண்ணாவது, எந்தக் குழந்தையாவது அவளைத் தாண்டப் பார்த்தால் வடம் குறுக்கே வந்து நிற்கும். கூடவே அவள் குரலும் வரும். கால் வழுக்கியவர்கள் வடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அவள் மட்டும் யாரையும் கையால் தொடமாட்டாள். அவள் கைபட்டால் தீட்டு, அவள் பிடித்த வடம் பட்டால் தீட்டில்லை என்பது ஊர்க்கட்டு. எங்கள் ஆபீசில்கூட இவ்வளவு நுணுக்கமாக ஒரு விதி எழுத ஆளில்லை.

அவளைப் பார்த்துத்தான் நான் அந்தக் கட்டடத்தை வரைந்தேன். நடுவில் ஆற்றைப் பார்த்துத் திறந்த மண்டபம். மேற்கே பாறைக்கு நேராகப் பெண்கள் துறை. படிகள் அகலமாகவும், உயரம் குறைவாகவும். ஈரச்சேலையோடு இடுப்பில் குழந்தையை வைத்திருப்பவளுக்குக் கால் இடறக்கூடாது. பாறையின் விளிம்பில், துறைக்காரி நின்ற அதே இடத்தில், இரண்டு கல்தூண்கள், நடுவில் இரும்புச் சங்கிலி. கிழக்கே ஆண்கள் துறை. அங்கே படிகள் செங்குத்து, முடிவில் மடுவின் மேலே நீட்டிக்கொண்டு ஒரு குதிக்கும் கல். எப்படியும் குதிக்கத்தான் போகிறார்கள், ஒழுங்கான இடத்திலிருந்து குதிக்கட்டும் என்று வைத்தேன். பெண்கள் துணி மாற்றும் அறைக்கு இரண்டு கதவு. ஒன்று படித்துறைக்கு, மற்றொன்று மேடைக்கு. காலையில் பெண்களுக்கு, சாயங்காலம் கூத்துக்காரர்கள் அரிதாரம் பூச. அந்த இரண்டு கதவை நினைத்து நான் பல நாள் எனக்குள்ளேயே பூரித்துப் போனேன்.

வரைபடத்தைத் துறைக்காரியிடமே காட்டினேன். "இனிமே நீ இப்படி நாளெல்லாம் தண்ணியில நிக்க வேண்டியதில்ல. சங்கிலி நிக்கும்."

அவள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சங்கிலி கத்துமுங்களா?"

"கத்தாது."

"நான் கத்துவனே" என்று சொல்லிவிட்டுத் துணியை அடிக்கப் போய்விட்டாள்.

வரைபடத்தின் மூலையில் வரைந்தவர், இடத்தைப் பார்த்தவர் என்ற இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. என்னை ராணுவக் கட்டட வேலைக்கு வேறு ஜில்லாவுக்கு அனுப்பினார்கள். தகரக் கொட்டகைகளாக வரைந்து தள்ளிக்கொண்டிருந்த இரண்டு வருஷமும், தென்கரையில் என் மண்டபம் எழும்பிக்கொண்டிருக்கிறது என்பதே எனக்கிருந்த ஒரே ஆறுதல்.

நாற்பத்திரண்டாம் வருஷம், ஆடி பிறந்து நாலாம் நாள் திரும்பி வந்தேன். பொம்மிடியில் ரயிலைவிட்டு இறங்கி, பெட்ரோல் பஞ்சத்தில் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடிய பஸ்ஸில் ஏறி, கடைசியில் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு நேராக ஆற்றுக்குப் போனேன். ஆபீசில் வேலையில் சேர்ந்த பிறகுதான் தளத்தைப் பார்க்க வேண்டும் என்று விதி. அன்றைக்கு அதை மீறினேன்.

சாலையிலிருந்து பார்க்க மண்டபம் அழகாக இருந்தது. தூண்களின் எண்ணிக்கை சரி. மேடையின் உயரம் சரி. உள்ளே ஏறியதும் என் கால் தானாகவே இடது பக்கம், மேற்கே, பெண்கள் துறையை நோக்கித் திரும்பியது. அங்கே 'ஆண்கள்' என்று போர்டு இருந்தது.

மாட்டியவன் படிக்கத் தெரியாதவன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கீழே பார்த்தேன். செங்குத்தான படிகள். முடிவில் நான் வரைந்த குதிக்கும் கல், முழங்காலளவுத் தண்ணீரில் கிடந்த பாறைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. கிழக்கே ஓடினேன். அகலமான, உயரம் குறைந்த, குழந்தைக்கும் வசதியான படிகள், ஒவ்வொன்றாக, மடுவுக்குள் இறங்கின. துணி மாற்றும் அறையின் கதவுகள் பக்கம் மாறியிருந்தன. கதவின் கீல்கூட மறுபக்கம் இருந்தது. ஓர் அங்குலம் பிசகவில்லை. என் கட்டடத்தைக் கண்ணாடியில் பார்த்துக் கட்டியதுபோல இருந்தது. எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, எந்தக் கையால் சாப்பிடுவேன் என்று யோசித்துப் பார்த்தேன். நிஜமாகவே யோசித்தேன்.

மேஸ்திரி நிழலில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற கல்வேலைக்காரர். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார்.

"மேஸ்திரி, என்ன இது?"

"உங்க பிளானுங்க. நல்லா வந்திருக்குதுங்களா?"

"பக்கம் மாறியிருக்கு."

"எந்தப் பக்கமுங்க?"

"எல்லாப் பக்கமும்! சங்கிலித் தூண் எங்கே?"

அவர் மடுவைக் கையால் காட்டினார். "உள்ளதான் இருக்குதுங்க. மொதத் தூண எறக்குனோம், முழுகிப்போச்சு. பிளான்ல இருக்குது, போடுன்னாங்க. ரெண்டாவதையும் எறக்குனோம். அதுவும் போச்சு. அப்பறம் கமிட்டித் தலைவருதான், சங்கிலிய சும்மா சுவத்துல தொங்க வுடுப்பா, பாக்க லட்சணமா இருக்கும்னுட்டாருங்க."

இரண்டு துறைகளையும் பிரித்த தடுப்புச் சுவரில் சங்கிலி தோரணம்போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

"கல்லுத் தூணே முழுகற எடத்துல பொம்பளைங்க எப்படி நிப்பாங்கன்னு நீங்க கேக்கலியா?"

"கேட்டனுங்க சாமி. பிளான விரிச்சு, இதோ பாறை போட்டிருக்குது பாருன்னு காட்டுனாங்க. பேப்பர்ல பாறை இருந்துதுங்க."

மறுநாள் ஆபீசில் கோப்பை வாங்கிப் பார்த்தேன். கமிட்டித் தலைவர், சாஸ்திரப்படி பெண்கள் துறை கிழக்கே இருக்க வேண்டும் என்று மனுக் கொடுத்திருந்தார். எஞ்சினீயர் அதன் ஓரத்தில் 'மாற்றவும்' என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தார். அது டிரேசரிடம் போயிருந்தது. வரைபடங்களைத் துணியில் நகலெடுக்கும் பெரியவர் அவர். கெட்ட எண்ணம் என்பதே இல்லாதவர்.

"புதுசா வரைஞ்சா மூணு வாரம் ஆகும் சார்" என்றார். "துணியத் திருப்பிப் போட்டு பின்பக்கமா நகலெடுத்தேன். ஒன்றரை நாள்ல முடிஞ்சுது. எஞ்சினீயரே பாராட்டினாரு. எழுத்தெல்லாம் புதுசா எழுதினேன், ஒரு எழுத்து தலைகீழா இருக்காது, பாருங்க."

பார்த்தேன். எழுத்துகள் முத்துமுத்தாக இருந்தன. துணியைத் திருப்பியபோது கட்டடத்தோடு ஆறும் திரும்பியிருந்தது. மேற்கே கிடந்த பாறை கிழக்கே, பெண்கள் படிக்கு நேர் கீழே வந்திருந்தது. நான் மூங்கில் வைத்து எழுதிய ஆழங்கள் எல்லாம் இடம் மாறி வரிசையாக உட்கார்ந்திருந்தன. நீரோட்டத்தைக் காட்டும் அம்பு மேற்கைப் பார்த்தது. பெண்ணையாறு கடலில் புறப்பட்டு, தான் பிறந்த நந்தி மலைக்கு ஏறிப் போய்க்கொண்டிருந்தது. சரிபார்த்த அதிகாரி சிவப்புப் பென்சிலால் குறித்திருந்தார்: 'பெண்கள் துறை ஆழமில்லாத பக்கம், நீரோட்டத்துக்கு மேலே. சரி.' அவரைக் குறை சொல்ல முடியாது. வரைபடத்தில் பிழையே இல்லை. ஆறுதான் அதற்கு ஒத்துப்போகவில்லை.

கீழே மூலையில் வரைந்தவர், இடத்தைப் பார்த்தவர் என்ற இரண்டு இடத்திலும் என் பெயர் இருந்தது. பக்கத்தில் 'ஒப்பம்' என்று எழுதியிருந்தது.

"இத யார் போட்டது?"

"நீங்கதான் சார். அசல்ல இருந்துது, அப்படியே எடுத்தேன். எதையும் விட்டுடக்கூடாது பாருங்க."

நான் பார்க்காத இடத்தைப் பார்த்ததாக, வரையாத படத்தை வரைந்ததாக, பெண்களைத் தண்ணீரில் முக்கும் ஒரு படிக்கட்டுக்கு நானே பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டிருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடிக்கப் பிடிக்கவில்லை.

ஆடி பதினெட்டுக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. அன்றைக்குத்தான் திறப்பு விழா. எஞ்சினீயர் மலைப்பக்கம் கேம்ப் போயிருந்தார். நான் இரண்டு வேண்டுகோள் வைத்துக் கடிதம் எழுதினேன். ஒன்று, இரண்டு துறைகளின் போர்டுகளையும் உடனே ஒன்றுக்கொன்று மாற்றி மாட்ட அனுமதி. இரண்டு, துறைக்காரியைப் பெண்கள் துறையின் காவலாளாக முறைப்படி நியமிக்க அனுமதி. சிவப்புச் சீட்டு ஒட்டி 'மிக அவசரம்' என்று போட்டேன். ஐந்தாம் நாள் நினைவூட்டுக் கடிதம். எட்டாம் நாள் தந்தி. கோப்பு சுற்றுக்குப் போயிருக்கிறது என்று குமாஸ்தா சொன்னார். எந்தச் சுற்று, யாரிடம் என்று கேட்கக்கூடாது. கேட்டால் அதற்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும்.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஓர் ஏணியும் ஒரு சுத்தியலும் இருந்தால் கால் மணி நேரத்தில் போர்டுகளை நானே மாற்றியிருக்கலாம். நான் ஏணி தேடவில்லை. தபால்தலை தேடினேன்.

கமிட்டித் தலைவரையும் போய்ப் பார்த்தேன். நிலபுலம் உள்ளவர். வந்தவர்களுக்கு மோர் கொடுக்காமல் பேச மாட்டார்.

"வாங்க ஓவர்சியரே. மண்டபம் எப்படி? நம்ம பக்கத்துல இப்படி ஒண்ணு இல்லீங்க."

"பொம்பளைங்க எறங்கற எடத்துல மடு இருக்குதுங்க."

"அதுக்குத்தான் சங்கிலி இருக்குதில்ல?"

"அது சுவத்துல தொங்குது."

"சாஸ்திரம் அப்படிங்க. பொம்பளைங்க கெழக்க."

"எந்த சாஸ்திரத்துல இருக்குது?"

அவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க படிச்சவரு. நீங்களே சொல்லுங்க. அவங்க மேக்கால எறங்கிக் குளிச்சா, அந்தத் தண்ணிதானே கெழக்க நம்மகிட்ட வரும்? பொம்பளைங்க குளிச்சு வுட்ட தண்ணியில நாங்க தலை முழுகறதா? ஊரு சிரிக்காது?"

"இத்தனை காலமா அப்படித்தானே குளிச்சீங்க?"

"அப்ப மண்டபம் இல்லீங்களே!"

சரி, துறைக்காரியையாவது வழக்கம்போல வரச்சொல்லுங்கள் என்றேன்.

"பெரிய மனுசங்க வர்ற எடத்துல பழஞ்சேலைய முறுக்கிப் புடிச்சிக்கிட்டு அவ நிக்கறதா? வரவேண்டாம்னு சொல்லியாச்சு. வடத்தையும் வாங்கி உள்ள போட்டாச்சு. நீங்க பயப்படாதீங்க. நானு சின்னதுல இருந்து அந்த மடுவுலதான் குதிக்கறேன், எனக்கு என்ன ஆயிருச்சு? எம் பொண்ணுக்கு இது தலை ஆடிங்க. அவதான் மொதல்ல எறங்கப் போறா."

நீந்தத் தெரிந்தவருக்கு மடு என்பது தண்ணீர்தான். வைகாசியில் கல்யாணமான மகளை அதில் முதலில் இறக்குவதை அவர் எனக்கு மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மோரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

துறைக்காரியைத் தேடிப் போய், பெண்கள் மடுவில் இறங்கப் போவதைச் சொன்னேன். துணி மூட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டாள். "வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களே சாமி. வந்தா அடிக்க வருவாங்க. வடமும் இல்ல." முடிச்சை இறுக்கிவிட்டு, "எந்தப் படி வரைக்கும் கல்லு இருக்குது?" என்றாள்.

"தண்ணிக்குள்ள அஞ்சு படி."

"ம்" என்று மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

ஆடி பதினெட்டு. காலை எட்டு மணிக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. திறந்துவைக்க வருவதாக இருந்த பெரிய மனிதர் வரவில்லை. அவர் வராத குறை தெரியாமல் நாயனம் வாசித்தார்கள். ஆண்கள் மேற்கே போய்ப் பாறைமேல் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டார்கள். குதிக்கும் கல்லில் முந்தின நாளே ஒருவன் குதித்துப் பல்லை உடைத்துக்கொண்டதால் அன்றைக்கு யாரும் ஏறவில்லை.

கிழக்கே பெண்கள் கூடினார்கள். மஞ்சள் கயிறு, காதோலை, விளக்கு வைத்த தட்டுகள். தலைவரின் மகள் மஞ்சள் நனைத்த புதுச்சேலையில், கல்யாண மாலையை ஆற்றில் விடுவதற்குக் கையில் ஏந்திக்கொண்டு இறங்கினாள். பதினேழு வயது இருக்கும். நான் மண்டபத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படிகள் ஒருவரைக் கூப்பிடும் விதத்தில்தான் அமைந்திருந்தன. அப்படித்தான் வரைந்திருந்தேன். ஒவ்வொரு படியிலும் கால் தானாக இறங்கும். ஒன்று, இரண்டு, மூன்று. முழங்காலுக்குத் தண்ணீர் வந்ததும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நாலு. ஐந்து. பிறகு மாலை மட்டும் மிதந்தது.

சத்தமே இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னை எழுப்பிவிடுகிறது. கத்துவார்கள், கையை அடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு பெண் இருந்த இடத்தில் பெண் இல்லை, அவ்வளவுதான். பின்னால் நின்றவர்கள் அவள் முங்கி எழுவாள் என்று காத்திருந்தார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. இரண்டு அடி முன்னால் ஓடினேன் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருக்கிறேன். நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

தடுப்புச் சுவரின் நிழலில் மூட்டைபோலக் கிடந்த ஒன்று எழுந்தது. துறைக்காரி. வடம் இல்லை. அப்படியே தண்ணீரில் விழுந்தாள். அவளும் காணாமல் போனாள். பிறகு ஒரு கை வெளியே வந்து படியின் விளிம்பைப் பிடித்தது. மறுகை அந்தப் பெண்ணின் சடையைச் சுருட்டிப் பிடித்திருந்தது. சடையைப் பிடித்து, தோளைப் பிடித்து, இடுப்பைக் கட்டி, தண்ணீருக்கு மேலே இருந்த படியில் கொண்டுவந்து போட்டாள். அதற்குப் பிறகுதான் எல்லோரும் கத்தினார்கள்.

தலைவர் சுவரைச் சுற்றி ஈரவேட்டியோடு ஓடி வந்தார். மகள் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தாள். துறைக்காரி அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். தலைவர் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இது:

"யாரு அவளத் தொடச் சொன்னது?"

முப்பத்திரண்டு வருஷம் உத்தியோகம் பார்த்திருக்கிறேன். படித்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்ட உத்தரவுகள் பல உண்டு. எதிலும் இப்படி ஒரு வரியைப் படித்ததில்லை. நல்ல மனிதர். மகளை உயிராக நினைத்தவர். அவர் மனம் எதையும் யோசிப்பதற்கு முன்னால் வாய் வழக்கத்தைச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அவரே தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். நாயனம் நின்றுபோயிருந்தது.

மகள் தலையைத் தூக்கினாள். மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"நாந்தானுங்கப்பா. உள்ள இருந்து நாந்தான் கூப்ட்டேன்."

பிறகு எழுந்து நின்றாள். துறைக்காரியின் கையை விடவில்லை. துறைக்காரி உதறப் பார்த்தாள், "வுடு கண்ணு, வுடு" என்று முனகினாள். அந்தப் பெண் விடாமல், அவளை இழுத்துக்கொண்டு, படியேறி, மண்டபத்தைக் கடந்து, நேராக ஆண்கள் துறைக்குப் போனாள். ஒருத்தி பின்னால் நடந்தாள். அப்புறம் எல்லோருமே தட்டும் விளக்கும் குழந்தைகளுமாகப் பின்னால் போனார்கள். பாறைமேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்த ஆண்கள் கோவணத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள்.

ஒரு பெரியவர் மட்டும் நகரவில்லை. "இது ஆம்பளைங்க தொறை! போர்டு இருக்குது, கண்ணு தெரியல?"

"அந்தப் போர்டையே கழுத்துல கட்டிக்கிட்டு அக்கட்டால போய்க் குளி மாமா! எங்களுக்கு நேரமாவுது" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. பெரியவர் செம்பை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து பெண்கள் மேற்கே, ஆண்கள் கிழக்கே. பெண்கள் குளித்த தண்ணீரிலேயே ஆண்கள் தலை முழுகினார்கள். அதனால் யாருக்கும் எதுவும் ஆனதாக எனக்குத் தகவல் இல்லை. துணி மாற்றும் அறை மடுப்பக்கம் மாட்டிக்கொண்டதால் பெண்கள் தூண்களுக்கு நடுவே சேலை கட்டி மறைத்துக்கொண்டார்கள். அறை முழுதும் கூத்துக்காரர்களுக்கே ஆனது. குதிக்கும் கல்லை மேஸ்திரி எந்த உத்தரவும் இல்லாமல் ஒரு மத்தியானம் சம்மட்டியால் உடைத்து எடுத்தார். அந்தக் கட்டடத்தில் யாரையும் கேட்காமல் செய்யப்பட்ட ஒரே சரியான வேலை அது. நான் அதைப் பற்றி அறிக்கை எழுதவில்லை. என் உத்தியோகத்தில் நான் மறைத்த ஒரே விஷயமும் அதுதான்.

போர்டுகள் மட்டும் அப்படியே இருந்தன. அவை அங்கீகாரம் பெற்ற வரைபடத்தில் இருப்பவை. மாற்ற உத்தரவு வேண்டும். உள்ளூர்ப் பெண்களுக்குப் பிரச்சினை இல்லை, பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது. வெளியூரிலிருந்து வரும் படித்த பெண்களுக்குத்தான் ஆபத்து. அவர்கள் போர்டைப் பார்த்து நம்பிக்கையோடு கிழக்கே திரும்புவார்கள். துறைக்காரி பாறையின் விளிம்பிலிருந்து தொண்டை கிழியக் கத்துவாள்: "படிக்காதீங்க ஆத்தா! படிக்காம இப்படி வாங்க!"

அடுத்த வருஷம் அவளை வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. வடத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அவள் அதை மரத்தில் கட்டிவிட்டுக் கையைத்தான் நீட்டினாள். சிலர் பிடித்தார்கள். சிலர் வடத்தையே பிடித்தார்கள். தலைவரின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தவள், வயிறும் பிள்ளையுமாக வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு முழுகினாள். தலைவர் மண்டபத்துத் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் வருஷத்துக்கு இரண்டு நினைவூட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். எஞ்சினீயர்கள் மாறினார்கள். யுத்தம் முடிந்தது. டிரேசர் ஓய்வு பெற்றார், வழியனுப்பு விழாவில் அவருடைய சிக்கனத்தைப் புகழ்ந்தார்கள். கடைசியில் எனக்குப் பதில் வந்தது. இரண்டு பத்தி.

முதல் பத்தி: அங்கீகாரம் பெற்ற வரைபடம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. பெண்கள் துறை ஆழமில்லாத பக்கத்தில், பாறைக்கு நேராகவே அமைந்துள்ளது. போர்டுகளை மாற்றினால் பெண்கள் மடுவில் இறங்க நேரிடும். ஆகவே பெண்களின் பாதுகாப்பை முன்னிட்டு வேண்டுகோள் நிராகரிக்கப்படுகிறது.

இரண்டாம் பத்தி: துறைக் காவலுக்குப் பெண்ணை நியமிக்க விதியில் இடமில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த ஆண் ஒருவரைப் பரிந்துரைக்கவும்.

எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். துறைக்காரி துவைத்துக்கொண்டிருந்தாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கல்லின்மேல் உட்கார்ந்து முழுதும் படித்துக் காட்டினேன். துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"அந்த ஆம்பளைக்கு நீச்சல் தெரியணும்னு போட்டிருக்குதுங்களா?"

"இல்ல."

"அப்ப அவனையும் நாந்தான் இழுத்துப் போடணும்" என்றாள். பிறகு குனிந்து அடுத்த துணியை எடுத்தாள்.

ஆபீசுக்குத் திரும்பிக் கடிதத்தைக் கோப்பில், 'மிக அவசரம்' என்று நான் எழுதிய முதல் கடிதத்துக்கு மேலே சேர்த்தேன். வந்த கடிதம் எதுவானாலும் அதன் ஓரத்தில் பெற்ற நாளைக் குறிக்க வேண்டும். குறித்தேன்: 1947, பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை.